கென்யாவில் சஃபாரி: முதன்முறை செல்வோருக்கான செலவுத் திட்டம்

ஆப்பிரிக்க சஃபாரிக்கு ஆசைப்படுகிறவர்களில் பலர் அது செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டும் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு பலர் முதலில் கண்ணில் பட்ட தொகுப்புச் சுற்றுலாவை வாங்கி, ஒரே வாரத்தில் ஐந்து பூங்காக்களைத் தொட்டுவிட்டு, எதையும் நின்று பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். இரு சாராருமே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சஃபாரியில் நாம் விலை கொடுத்து வாங்குவது காட்டுக்குள் விழித்திருந்து பார்க்கும் நேரத்தை. ஒரு செலவு அந்த நேரத்தைக் கூட்டுகிறதா, அந்த நேரத்தில் நாம் பார்ப்பதை மேம்படுத்துகிறதா என்று கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டால், நடுத்தர வருமானம் உள்ள குடும்பம்கூட ஓரிரு ஆண்டுச் சேமிப்பில் நல்லதொரு பயணத்தை அமைத்துக்கொள்ள முடியும்.

நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

செலவைத் தீர்மானிக்கும் முதல் முடிவு, எந்த நாடு என்பதே. போட்ஸ்வானா, குறைந்த எண்ணிக்கையில் பயணிகளை அதிக விலையில் வரவேற்பதையே கொள்கையாகக் கொண்ட நாடு. ஒக்கவாங்கோ கழிமுகத்தின் முகாம்களில் ஒரு நாளுக்கு ஆகும் செலவில் வேறு நாடுகளில் பல நாள்கள் தங்கலாம். மலைக் கொரில்லாக்களைக் காண ருவாண்டாவில் ஒருவருக்கான அனுமதிச் சீட்டு மட்டுமே 1,500 டாலர். உகாண்டாவில் 800 டாலர். இவை இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு உரியவை.

மிகக் குறைந்த செலவில் சஃபாரி வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்கு நிகரில்லை. அங்கே சாதாரண வாடகைக் காரை நீங்களே ஓட்டிச் செல்லலாம், முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள், பூங்கா நிர்வாகமே நடத்தும் ஸ்குகூசா, சதாரா போன்ற முகாம்களில் எளிய அறைகளும் சமையல் வசதியும் உண்டு. ஆனால் புதர் அடர்ந்த அந்த நிலத்தில் விலங்குகளை நாமே தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமையும் பழகிய கண்ணும் வேண்டும்.

முதன்முறை செல்கிறவருக்கு நான் கென்யாவையே பரிந்துரைப்பேன். திறந்த புல்வெளியில் சிங்கமும் சிவிங்கிப்புலியும் யானையும் எளிதாகக் கண்ணில் படுகின்றன. வழிகாட்டிகள் தேர்ந்தவர்கள். குறைந்த விலைக் கூடாரம் முதல் சொகுசு விடுதி வரை எல்லா நிலைகளிலும் தங்குமிடங்கள் உண்டு. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பை வழியாகவோ வளைகுடா நகரங்கள் வழியாகவோ செல்லலாம். தான்சானியாவின் செரெங்கெட்டி மாபெரும் காடுதான் என்றாலும், அங்கே வரியுடன் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளுக்கு 80 டாலருக்கு மேல் நுழைவுக் கட்டணம், அதற்கு மேல் பூங்காவுக்குள் தங்குவதற்குத் தனிக் கட்டணம், வழியில் உள்ள கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க வாகனத்துக்கு ஏறத்தாழ 300 டாலர் என்று அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். எனவே இனி வரும் கணக்கெல்லாம் கென்யாவை வைத்தே.

விலை எதனால் ஆனது

எந்தத் தொகுப்பையும் நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்தது. அதில் பேரத்துக்கு இடமில்லை. வாகனமும் ஓட்டுநராகிய வழிகாட்டியும் எரிபொருளும் நாள் கணக்கில் வருபவை. இருவர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் தொகை மாறாது. தங்குமிடமும் உணவும் தலைக்கு, இரவுக்கு என்று கணக்கிடப்படும். மிஞ்சுவது நிறுவனத்தின் பங்கு. பேரம் பேசவும் மிச்சம் பிடிக்கவும் வழியுள்ளவை பின்னுள்ள மூன்றும்தான், அவற்றிலும் பெரிய வித்தியாசத்தைத் தருவது வாகனம்.

ஓர் எடுத்துக்காட்டு. வழிகாட்டியும் எரிபொருளும் சேர்த்து லேண்ட் குரூசர் வாகனத்துக்கு நாளொன்றுக்கு 250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளுக்கு 1,750 டாலர். இருவர் மட்டும் சென்றால் ஆளுக்கு 875. நால்வர் என்றால் 440க்குச் சற்றுக் குறைவு. அறுவர் என்றால் 300க்கும் கீழே. ஆகவே விலையைக் குறைக்க முதலில் செய்ய வேண்டியது, கூட வர ஆள் தேடுவது. நால்வர் என்பது சரியான எண்ணிக்கை என்பது என் கருத்து: ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை கிடைக்கும், பைகளுக்கும் இடமிருக்கும், எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதில் கருத்து வேறுபாடும் குறையும். நண்பர்கள் கிடைக்காவிட்டால், தனித்தனிப் பயணிகளைச் சேர்த்து அழைத்துச் செல்லும் குழுச் சஃபாரிகள் நைரோபியிலிருந்து அடிக்கடி புறப்படுகின்றன. அவை மலிவானவை, ஆனால் ஒரு சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும்வரை காத்திருக்கலாம் என்று நீங்கள் விரும்பினாலும் வண்டி காத்திருக்கும் என்று உறுதியில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

கென்யச் சஃபாரிகளின் மையம், செரெங்கெட்டியை ஒட்டியுள்ள மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம். 2024 முதல் அதன் நுழைவுக் கட்டணம், வெளிநாட்டுப் பயணிகளில் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். இந்த ஒரு விதியே உங்கள் பயணத் தேதியைப் பெரும்பாலும் முடிவு செய்துவிட வேண்டும். நால்வர் மூன்று நாள் மாராவில் இருந்தால் ஜூன் இறுதியில் 1,200 டாலர், ஜூலைத் தொடக்கத்தில் 2,400 டாலர். சில நாள் இடைவெளியில் ஒரு குடும்பத்துக்கு 1,200 டாலர் வேறுபாடு. விடுதிகளும் ஜூலையில் விலையை ஏற்றிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் அதிகம்.

அப்படியானால் எல்லோரும் ஏன் ஜூலை முதல் அக்டோபர் வரை போகிறார்கள்? செரெங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் எனப்படும் பெரிய மான் இன விலங்குகள் மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து வட்டமிடுகின்றன. அவை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நிகழ்கிறது. அதைக் காண்பதே உங்கள் வாழ்நாள் ஆசை என்றால் 200 டாலரைத் தயங்காமல் கொடுங்கள். ஆனால் அதற்குக் குறைந்தது நான்கு நாளாவது மாராவிலேயே தங்குங்கள், ஏனெனில் மந்தை கரையில் நாள் முழுதும் நின்றுவிட்டுக் கடக்காமலே திரும்பிவிடுவதும் உண்டு. ஆற்றைக் கடக்கும் காட்சி அவசியமில்லை என்கிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி, ஜூன் ஆகிய மூன்றும் சிறந்த மாதங்கள். சிங்கங்களும் சிறுத்தைகளும் யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் மாராவில் ஆண்டு முழுதும் இருப்பவை. ஜனவரியும் பிப்ரவரியும் வெயில் காலம், புல் குட்டையாக இருக்கும். ஜூனில் நீண்ட மழைக்காலம் ஓய்ந்து நிலம் பசுமையாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும், கூட்டமும் குறைவு. முதல் பயணத்துக்கு ஜூன் இரண்டாம் பாதியைவிட நல்ல பேரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் விடுதிகளின் விலை மிகவும் இறங்கும். ஆனால் மாராவின் கரிசல் மண் நனைந்தால் வண்டிச் சக்கரம் புதையும், பல சிறு முகாம்கள் மூடியிருக்கும். முதன்முறை போகிறவர் இந்த மலிவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

சீட்டுகளை எண்ணுதல்

புதியவர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம் இது. மாராவின் நுழைவுச் சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையிலான பகல் பொழுதுக்கே செல்லும். நைரோபியிலிருந்து சாலை வழியே ஐந்தாறு மணி நேரம் பயணம் செய்து பிற்பகலில் வந்து சேர்ந்து, மாலை 4 மணிக்கு ஒரு சிறிய சுற்று போய்வந்தால், அந்த இரண்டு மணி நேரத்துக்கும் முழுச் சீட்டின் விலையையே கொடுக்கிறீர்கள். பல தொகுப்புகளில் முதல் நாள் மாலைச் சுற்றும் கடைசி நாள் காலைச் சுற்றும் கவர்ச்சிக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். காப்பகத்துக்கு வெளியே தங்குகிறவர்களுக்கு அவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சீட்டு.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. வெளியே, செகெனானி வாயிலுக்கோ தலேக் வாயிலுக்கோ அருகே தங்குகிறவர்கள் வந்து சேரும் நாளில் ஓய்வெடுத்துவிட்டு, அடுத்த நாள் காலை 6 மணிக்கு வாயில் திறக்கும்போதே நுழைந்து, மதிய உணவைப் பொட்டலமாக எடுத்துச் சென்று, மாலை வரை உள்ளேயே இருக்கலாம். ஒரு சீட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும். நடுப்பகலில் விடுதிக்குத் திரும்பி நீண்ட ஓய்வு எடுக்கும் வழக்கம் வசதியானதுதான், ஆனால் மற்ற வண்டிகளெல்லாம் உணவுக்குத் திரும்பிய அந்த வேளையில்தான் சிவிங்கிப்புலி வேட்டைக்கு எழுவதும் யானைகள் நீருக்கு இறங்குவதும் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். மற்றொரு வழி, காப்பகத்துக்கு உள்ளேயே தங்குவது. அப்படித் தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறினால் அந்த நாளுக்குத் தனிச் சீட்டு வேண்டியதில்லை. எனவே உள்ளே இரண்டு இரவு தங்குகிறவருக்கு இரண்டு சீட்டில் ஒரு மாலை, ஒரு முழு நாள், ஒரு விடியற்காலை கிடைத்துவிடும். உள்ளே தங்குமிட விலை அதிகம் என்பதால், இரண்டையும் கூட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 200 டாலர் மாதங்களில் உள்ளே தங்குவது சில வேளைகளில் மலிவாகவே முடியும்.

குழந்தைகளுக்குக் கட்டணம் குறைவு: 9 முதல் 17 வயது வரை 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். ஆகவே பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மேலே சொன்ன கணக்கு கணிசமாக இறங்கும். கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதால், முன்பதிவு செய்யும் வாரத்தில் மாராவுக்கு நரோக் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும், மற்றப் பூங்காக்களுக்குக் கென்ய வனவிலங்குச் சேவையின் அறிவிப்பையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

காப்பகத்தை ஒட்டிய கன்சர்வன்சிகள்

மாராவின் வடக்கிலும் கிழக்கிலும் நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகள் உள்ளன. மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து வனவிலங்குக்காகக் குத்தகைக்கு விட்ட பகுதிகள் இவை. நாம் செலுத்தும் கட்டணத்திலிருந்து நில உரிமையாளர்களுக்கு மாதந்தோறும் குத்தகைப் பணம் போகிறது. இங்குள்ள முகாம்களின் இரவுக் கட்டணத்தைப் பார்த்ததும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆனால் அந்தத் தொகையில் உணவும் வாகனமும் வழிகாட்டியும் பெரும்பாலும் அடக்கம். கன்சர்வன்சிக்குள்ளேயே சுற்றினால் காப்பகச் சீட்டும் வேண்டாம். சாலையை விட்டு இறங்கி விலங்கின் அருகே செல்லவும், இரவில் விளக்குடன் சுற்றவும், வழிகாட்டியுடன் நடந்து போகவும் இங்கே அனுமதி உண்டு; காப்பகத்துக்குள் இவற்றுக்கு இடமில்லை. அதைவிட முக்கியம், ஒரு விலங்கைச் சூழ நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை. ஆகஸ்டில் காப்பகத்தின் ஆற்றங்கரையில் ஏராளமான வண்டிகள் முண்டியடிக்கும்போது, இங்கே ஓரிரு வண்டிகளே நிற்கும்.

இருவர் மட்டும் செல்கிறார்கள், நான்கைந்து நாள்தான் இருக்கிறது என்றால், நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மாராவை அடைந்து, கன்சர்வன்சி முகாமின் வண்டியையே பயன்படுத்துவது, தனி வாகனம் அமர்த்திச் சாலையில் செல்வதோடு ஒப்பிடத்தக்க செலவில் முடியக்கூடும். சாலையில் கழியும் இரண்டு நாளும் காட்டுக்குள் கிடைக்கும். இந்த விமானங்களில் பைக்கு 15 கிலோதான் வரம்பு, அதுவும் சக்கரமில்லாத துணிப்பையாக இருக்க வேண்டும்.

எத்தனை இடங்கள்

ஏழு நாளுக்கு இரண்டு பெரிய இடங்கள், இடையே ஒரு சிறிய நிறுத்தம்; அதற்கு மேல் வேண்டாம். இடம் மாறும் ஒவ்வொரு நாளும் வாகனத்துக்கு முழுத் தொகையும் கொடுத்துவிட்டு நெடுஞ்சாலை லாரிகளைப் பார்த்துக்கொண்டு போகும் நாள். என் பரிந்துரை: அம்போசெலி தேசியப் பூங்காவில் இரண்டு இரவு, நைவாஷா ஏரிக்கரையில் ஓர் இரவு, மாராவில் மூன்று இரவு. அம்போசெலியில் கிளிமஞ்சாரோ மலையின் பின்னணியில் யானைக் கூட்டங்கள் சதுப்பு நிலத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். மலையுச்சி மேகமின்றித் தெரிவது பெரும்பாலும் அதிகாலையிலும் மாலையிலும்தான். நைவாஷா ஏரியில் படகேறி நீர்யானைகளைப் பார்க்கலாம், அருகிலுள்ள ஹெல்ஸ் கேட் பூங்காவில் வரிக்குதிரைகளுக்கிடையே வாடகைச் சைக்கிளில் போகலாம். காண்டாமிருகம் பார்க்க வேண்டுமென்றால் நகுரு ஏரிப் பூங்காவில் அரை நாள் போதும். நைரோபி நகரத்தை ஒட்டியே உள்ள தேசியப் பூங்காவிலும் அவை இருக்கின்றன என்பதால், விமானத்துக்கு முன் மிஞ்சும் ஒரு காலைப் பொழுதை அங்கே செலவிடலாம். செலவை இன்னும் இறக்க விரும்புகிறவர்கள் அம்போசெலிக்குப் பதிலாக சாவோ தேசியப் பூங்காவை எண்ணிப் பார்க்கலாம்: நைரோபி–மொம்பாசா ரயிலில் வோய் நிலையத்தில் இறங்கினால் கிழக்கு சாவோவின் வாயில் பக்கத்திலேயே இருக்கிறது, செம்மண்ணில் புரண்டு சிவந்த யானைகள் அங்கே பெயர் பெற்றவை.

வண்டியும் வழிகாட்டியும் படுக்கையும்

பணம் குறைவாக இருந்தால் படுக்கையில் குறையுங்கள், வழிகாட்டியில் குறைக்காதீர்கள். வாயிலுக்கு வெளியே உள்ள எளிய கூடார முகாமில்கூடச் சுத்தமான கட்டிலும் இணைந்த குளியலறையும் சூடான உணவும் கிடைக்கும். விடியலுக்கு முன் கிளம்பி இருட்டும் நேரத்தில் திரும்புகிறவருக்கு அதற்கு மேல் என்ன தேவை? ஆனால் புல்லின் அசைவையும் மான்களின் எச்சரிக்கைக் குரலையும் கழுகின் வட்டத்தையும் படிக்கத் தெரிந்த ஒருவர் ஓட்டும்போது அதே பன்னிரண்டு மணி நேரம் இரு மடங்கு காட்சிகளைத் தரும். கென்யாவில் தொழில்முறைச் சஃபாரி வழிகாட்டிகளின் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி வழங்குகிறது. வெள்ளித் தகுதி பெற்றவரைக் கேளுங்கள். அதற்காக நாளுக்குச் சில டாலர் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

வாகனத்தில், மேற்கூரை திறக்கும் வேன் மலிவானது, உலர்ந்த மாதங்களில் போதுமானது. லேண்ட் குரூசர் உயரமாக இருப்பதால் பார்வை நன்றாக இருக்கும், சேற்றில் எளிதில் சிக்காது. ஆளுக்கொரு சன்னல் என்ற உறுதி மட்டும் எழுத்தில் வேண்டும்.

விலைப்புள்ளி கேட்டல்

மூன்று அல்லது நான்கு நைரோபி நிறுவனங்களுக்கு ஒரே பயணத் திட்டத்தை எழுதி அனுப்புங்கள்; அவரவர் திட்டத்தை அனுப்பச் சொன்னால் ஒப்பிடவே முடியாது. கென்யச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தின் உறுப்பினரா, அரசு உரிமம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். வரும் பதிலில் இவற்றைத் தேடுங்கள்: பூங்காக் கட்டணம் சேர்ந்துள்ளதா, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை சீட்டுகள், முகாமின் பெயர் என்ன, வாயிலிலிருந்து எவ்வளவு தூரம், வண்டி எது, அதில் எத்தனை பேர், கிலோமீட்டருக்கோ நேரத்துக்கோ வரம்பு உண்டா, மூன்று வேளை உணவும் குடிநீரும் அடக்கமா, பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். ஒரு விலை மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் சீட்டுகளில் ஒன்று குறைந்திருக்கும், அல்லது முகாம் வாயிலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும். முன்பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள், தனிநபர் கணக்குக்கு வேண்டாம்.

இந்தியாவிலுள்ள முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் எனப்படும் வரியைச் சேர்த்து வசூலிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன ஆறு இரவு, ஏழு நாள் பயணத்தை ஜூனில் நால்வர் மேற்கொண்டால் ஆளொன்றுக்கு ஆகக்கூடியதை இப்படிக் கணக்கிடலாம்: வாகனத்துக்கு 440 டாலர், மாராவில் இரண்டு முழு நாள் சீட்டுக்கு 200, மற்றப் பூங்காக்களுக்கு 250 ஒதுக்கீடு, நடுத்தர முகாமில் உணவுடன் இரவுக்கு 120 வீதம் 720. மொத்தம் 1,610 டாலர். எளிய முகாம்களில் தங்கினால் இதிலிருந்து 250 டாலர் வரை இறங்கும். விமானச் சீட்டு இதில் சேரவில்லை.

விடுபட்டுப் போகும் செலவுகள்

கென்யா 2024 முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதியை நடைமுறைப்படுத்தியுள்ளது. கட்டணம் 30 டாலரை ஒட்டியது. அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு வசூலிக்கின்றன. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் முன்கூட்டியே போடுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். பயணக் காப்பீட்டில், காட்டிலிருந்து விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் செலவு அடங்கியிருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் படித்து உறுதி செய்யுங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பது பெரும் ஆபத்து.

வெப்பக் காற்று பலூனில் ஒரு மணி நேரம் பறக்க ஒருவருக்கு 450 டாலருக்குக் குறையாது. அழகான அனுபவம்தான், ஆனால் அதே பணத்தில் மாராவில் இன்னும் இரண்டு நாள் தங்கலாம் என்றால் நான் அந்த இரண்டு நாளையே தேர்ந்தெடுப்பேன். மாறாக, ஆளுக்கொரு பைனாகுலர் வாங்குவது வீண் செலவே அல்ல. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்டது ஏற்றது. ஒரே கருவியைக் குடும்பமே மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் மரக்கிளையில் இருந்த சிறுத்தை மறைந்துவிடும்.

வழிகாட்டிக்கு அன்பளிப்பு தருவது அங்கே வழக்கம், அவருடைய வருமானத்தில் அது முக்கியமான பகுதியும்கூட. பயணி ஒருவர் நாளுக்கு 10 டாலர் வீதம் தனி உறையில் எடுத்து வைத்து, கடைசி நாளில் நேரில் கொடுங்கள். முகாம் பணியாளர்களுக்குப் பொது உண்டியல் இருக்கும். டாலர் நோட்டுகள் கிழிசலின்றி, 2009க்குப் பின் அச்சானவையாக இருக்க வேண்டும், பழைய நோட்டுகளைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2017 முதல் அங்கே தடை இருப்பதால், துணிகளையும் தின்பண்டங்களையும் துணிப்பைகளில் கட்டிக்கொள்ளுங்கள். மரக்கறி உணவு மட்டுமே உண்பவர்கள் அதை முன்பதிவின்போதே எழுதிவிட்டால் போதும். நெடுங்காலமாக இந்திய வம்சாவளியினர் வாழும் நாடு என்பதால் சப்பாத்தியும் பருப்பும் முகாம் சமையலறைகளுக்குப் புதியவை அல்ல.